மழை, வீட்டுவேலை, பழைய படம்: புலனக் குழுவில் நட்பைக் காத்து வளர்ப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் குடியிருக்கும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்குப் பின்னால் செம்பனைக் காடு தொடங்குகிறது. முன்பு அதே இடத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்கள் நின்றன. அவற்றுக்கு நடுவே நாங்கள் பிறந்து வளர்ந்த லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் கூலிம், தெலுக் இந்தான், குளுவாங், கேமரன் மலை என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். இப்போது எங்களில் பதினான்கு பேர் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நாள்தோறும் பேசிக்கொள்கிறோம். அவர்களில் ஐந்து பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை; நண்பருக்கு நண்பராக வந்து சேர்ந்தவர்கள், ஒருவர் திருச்சியில் இருப்பவர். காலை வணக்கப் படங்களால் நிரம்பி, பேச்சில்லாமல் அடங்கிப்போன குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழு ஏழு ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம், நேற்று ஒருவர் சொன்னதை இன்று மறக்காமல் கேட்கும் பழக்கம்தான். அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் வானிலை. பால்வெட்டுக்குப் போன குடும்பங்களில் ‘அங்க மழையா?’ என்ற கேள்வி ஒருபோதும் வெறும் உபசாரமாக இருந்ததில்லை. பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டின் வழியே இறங்க வேண்டிய பால் மரத்தின் மேல் பரவி வழிந்துவிடும். மங்குக் கிண்ணத்தில் விழுந்த பாலிலும் மழைநீர் கலந்துவிடும். அதனால் விடியற்காலையில் மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அந்த அக்கறையோடு இன்றும் கேளுங்கள். ‘இங்கே மழை’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் மறுமொழி சொல்ல எதுவும் கிடைக்காது. ‘மூன்று மணிக்கே மலைப்பக்கம் கறுத்துவிட்டது, காற்று அடிக்கிறது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரன் இன்னும் வீடு சேரவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நாலு பேர் பேரன் வந்துவிட்டானா என்று கேட்பார்கள்.

ஒவ்வொருவர் ஊரின் பருவத்தையும் தெரிந்து வைத்துக்கொண்டால் கேள்வி பொருத்தமாக அமையும். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத்தான் பெரிதும் தாக்கும். ஆகவே டிசம்பரில் குவாந்தானில் இருப்பவரிடம் தண்ணீர் ஏறுகிறதா என்று கேட்பது நியாயம். மேற்குக் கரையில் இருக்கும் எங்களுக்கோ, ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழைதான் பெரிய பாடு. ஆண்டின் தொடக்கத்தில் கெடாப் பக்கம் வறண்டு கித்தா இலை உதிரும். அப்போது கூலிம் தோழியிடம் கிணற்றையும் செடிகளையும் பற்றி விசாரிக்கலாம். புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது 100-ஐத் தாண்டினால் உடல்நலத்துக்கு ஆகாத நிலை, 200-க்கு மேல் மிகவும் ஆகாத நிலை, 300-ஐக் கடந்தால் ஆபத்து. எங்கள் குழுவில் இளைப்பு நோய் உள்ளவர்கள் இருவர் இருக்கிறார்கள். எண் ஏறும் நாள்களில் அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சைத் தொடங்குவோம்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்கால இரவில் ‘அணையைத் திறக்கப் போகிறார்கள்’ என்று வந்த செய்தியைச் சரிபார்க்காமல் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். தெலுக் இந்தான் அக்கா தனியாக இருப்பவர். முழங்கால் வலியோடு அரிசி மூட்டையையும் தையல் இயந்திரத்தையும் மேசைமேல் ஏற்றி வைத்துவிட்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தார். செய்தி பொய். அன்றிலிருந்து வானிலை எச்சரிக்கை எதுவானாலும், மலேசிய வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தரும் நிலைகளைப் பார்த்து, ஆற்றின் நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பக்கத்தில் உறுதி செய்த பிறகே அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வீட்டுவேலையைப் பற்றிப் பேசும்போது, முடித்த வேலையை அறிவிப்பதைவிடப் பாதியில் நிற்கும் வேலையைச் சொல்வது மேல். ‘வீடு முழுக்கக் கழுவிவிட்டேன்’ என்றால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். ‘மூன்று நாளாக வெயிலைக் காணோம், துணி அஞ்சடித் தாழ்வாரத்தில் தொங்குகிறது, முக்கு வாடை அடிக்கிறது, என்ன செய்யலாம்?’ என்றால் ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தைக் கொண்டுவருவார்கள். அந்தக் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த நல்ல பதில் கேமரன் மலையிலிருந்து வந்தது, அங்கே எந்நாளும் ஈரம்தான். துணியை நெருக்கமாகப் போடாமல் ஒரு கை அகலம் விட்டுப் போட வேண்டும்; தடித்த துணியைக் கொடியின் ஓரத்தில் தொங்கவிட்டு, காற்றாடியை மேலிருந்து அல்லாமல் பக்கவாட்டிலிருந்து வீசச் செய்ய வேண்டும்; அலமாரியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரி வைக்க வேண்டும். மறுநாள் மாலை, ‘துணி காய்ந்ததா?’ என்று அவரே கேட்டார். யோசனை சொன்னவரே திரும்பி வந்து விசாரித்தது எனக்கு அந்த யோசனையைக் காட்டிலும் பெரிதாகப் பட்டது.

குளுவாங்கில் இருக்கும் அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது. அண்ணி காலமாகி இரண்டு மாதம் கழித்து, ஒரு காலைப்பொழுதில் அவர் எழுதினார்: ‘தங்கச்சி, ஒரு குவளை அரிசிக்கு எத்தன குவளை தண்ணி?’ குழுவில் யாரும் ஆறுதல் வசனம் எழுதவில்லை. ஒருவர், ‘பழைய அரிசியா, புது அரிசியா அண்ணே?’ என்று கேட்டார். இன்னொருவர், மின்சாரச் சோற்றுப் பானையா, அடுப்பில் வைக்கும் சட்டியா என்று கேட்டார். விரல் நுனியை அரிசியின் மேல் வைத்து முதல் கணு வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்று நான் குரல் பதிவில் சொன்னேன். மதியம் சோற்றின் படம் வந்தது, அதன் கீழே, ‘அடி புடிச்சிருச்சி, மேல் சோறு நல்லா இருந்திச்சி’ என்று இரண்டு வரி. துக்கத்தில் இருப்பவர் வேலையைப் பற்றிக் கேட்டால் வேலையைப் பற்றியே பதில் சொல்லுங்கள். அவர் தாமாகத் துக்கத்தைப் பேசும் நாள் வரும். அண்ணன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்ட வாரத்தில் அண்ணியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

பழைய படங்களுக்கு வருவோம். ‘உங்களுக்குப் பிடித்த படம் எது?’ என்பது சோர்வான கேள்வி. பட்டியல் வரும், பேச்சு வராது. எங்கே, யாரோடு, எப்படிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டிய காலத்தில், முன்பக்கம் இடம் பிடிக்க முடியாதவர்கள் துணிக்குப் பின்னால் பாய் விரித்துப் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் மூத்தவர் அப்படிப் பார்த்தவர். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுபவர் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்ததாகச் சொன்னார். அதைக் கேட்டபின் ஆளாளுக்குத் தங்கள் திடலைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, இரவு பத்தரை வரை பேச்சு நீண்டது.

காட்சியையோ குரலையோ பற்றிய சிறு கேள்விகளும் நன்றாகப் பிடிக்கும். 1958-இல் வந்த நாடோடி மன்னன் கறுப்பு வெள்ளையில் தொடங்கிப் பிற்பகுதியில் வண்ணத்துக்கு மாறும். அந்த மாற்றத்தைத் திரையில் முதன்முதலில் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன், ஆறு பேர் ஆறு விதமாக எழுதினார்கள். டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் குரலைத் தனித்தனியாக மாற்றிப் பாடியவர். ஆகவே அவருடைய பாடலின் சில நொடிகளை மட்டும் குரல் பதிவாக அனுப்பி, திரையில் பாடுவது யார் என்று கேட்கலாம். ஆண்டு பற்றிச் சர்ச்சை வந்தால் சண்டையிட வேண்டியதில்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழையும் எழுத்துகளையும் நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஆனால் தவறைத் திருத்தும் விதத்தில் கவனம் வேண்டும். பாகான் செராய் அக்கா ஒரு பாடலைப் பாடியவர் பெயரை மாற்றிச் சொன்னபோது, நான் எல்லார் முன்னிலையிலும் ‘இல்லவே இல்லை’ என்று எழுதிவிட்டேன். பதினொரு நாள் அவர் குழுவில் வாய் திறக்கவில்லை. நானே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். இப்போது திருத்தம் எதுவானாலும் அவருக்கு மட்டும் தனியே எழுதுவேன். அவரே குழுவில் சரியானதைச் சொல்லிக்கொள்வார்.

தட்டச்சுக்குச் செல்லினம் போதும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செயலி அது, கைப்பேசியில் தமிழ் எழுத எளிதாக இருக்கும். எழுதச் சிரமப்படுபவர்கள் குரலில் பேசட்டும்; ஒரு நிமிடத்துக்குள் முடித்தால் எல்லாரும் கேட்பார்கள். திருச்சித் தோழிக்கு நம்மைவிட நேரம் இரண்டரை மணி பின்தங்கியிருப்பதால், நாம் பசியாறும்போது அவர் தூக்கத்தில் இருப்பார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வழக்கமாகக் காலையில் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பவர் ஒரு நாள் கேட்கவில்லையென்றால் மாலை வரை பாருங்கள். மாலையிலும் வரவில்லையென்றால் குழுவில் பெயர் சொல்லித் தேடாமல் நேரடியாக அழையுங்கள். எடுக்கவில்லையென்றால் அவருடைய அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒருவரை அழையுங்கள். இதற்காகவே ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டு எண் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறோம். குளுவாங் அண்ணன் வழுக்கி விழுந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரர் பின்கதவு வழியாகப் போய்த்தான் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்.