மலைத்தோட்ட ஜீப்பின் கிளட்சும் கியர் பெட்டியும்: தொடக்கநிலையாளருக்கான பராமரிப்பு, உதிரிபாகச் செய்முறை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் தார்ச்சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஒரு நல்ல ஜீப்பைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடுவதில்லை. அதன் கிளட்சைத் தின்பது, மேலே ஏறிய பிறகு பிரதான சாலையை விட்டு விலகித் தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதைதான். காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஈரமண்ணில் வழுக்கி, நின்று, மறுபடியும் கிளம்பும் வண்டியில் வெப்பம் கிளட்சையும் நீர் கியர் பெட்டியையும் கெடுக்கின்றன. சேர்வராயன் மலையில் இன்றும் ஓடும் பழைய மகிந்திரா ஜீப்புகளில் பலவற்றுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பல கைகள் மாறி, பல பட்டறைகளைக் கண்ட வண்டிகள் என்பதால், பதிவுச் சான்றில் ஒரு பெயரும் பானெட்டுக்குக் கீழே வேறொரு எஞ்சினும் அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு கியர் பெட்டியும் இருப்பது அரிதன்று. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: பாகத்தை வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், அளவையும் எண்ணையும் சொல்லி வாங்குங்கள்.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் கியர் பெட்டியைத் திறந்து பார்த்திராத ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சோதனை, எண்ணெய் மாற்றம், கிரீஸ் அடித்தல், பாகம் தேடுதல் ஆகியவற்றை நீங்களே செய்யலாம். கியர் பெட்டியை இறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் அவர் இறக்கும்போது அருகில் நில்லுங்கள்.

முதலில், அடியில் இருப்பது என்ன?

ஜீப்பில் எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச், அதன்பின் கியர் பெட்டி, அதை ஒட்டி விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து முன்னும் பின்னும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள், அவற்றின் முனைகளில் விசையைச் சக்கர அச்சுக்குத் திருப்பும் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் அடங்கிய ஹவுசிங்குகள் என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும். வேறு சில வண்டிகளில் இவை தனித்தனியாக இராமல் டிரான்சாக்சிலாக இருக்கும்: அதாவது கியர் பெட்டியும் டிஃபரென்ஷியலும் (வளைவில் இடவலச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு) ஒரே கூட்டுக்குள் அமைந்த ஏற்பாடு. மாருதி 800-இலும் மூன்று சக்கர வண்டிகளிலும் இருப்பது அதுதான். பாஹா என்னும் கரடுமுரடான பாதை வண்டிப் போட்டிக்காகப் பொறியியல் மாணவர்கள் கட்டும் குழாய்ச்சட்ட வண்டிகளில், மகிந்திரா ஆல்ஃபா போன்ற மூன்று சக்கர வண்டியின் டிரான்சாக்சிலைப் பொருத்துவது பரவலான வழக்கம்.

இந்த வேறுபாடு எண்ணெயில்தான் முக்கியமாகிறது. ஜீப்பின் ஹவுசிங்கில் உள்ள ஹைப்பாய்டு பற்கள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கியபடி உரசுவதால் ஜி.எல்.5 தர எண்ணெய் தேவை. கியர் பெட்டியில், கியர் மாறும்போது வேகங்களை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கோ, பெரும்பாலான பழைய பெட்டிகளில் ஜி.எல்.4 தரமே பொருந்தும். ஜி.எல்.5-இல் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள், சூடு ஏறும்போது மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடும் என்பதே காரணம். டிரான்சாக்சிலில் ஒரே எண்ணெய் இரு வேலையையும் பார்ப்பதால், தயாரிப்பாளர் சொன்ன தரத்தைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. "80 டபிள்யூ 90" என்பது தடிமனை மட்டுமே குறிக்கும், தரத்தைக் குறிக்காது. கடையில் இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

படி 1: கழற்றாமலே கிளட்சைச் சோதித்தல்

மலையில் சமதளம் கிடைப்பது அரிது. காப்பி உலர்த்தும் களம் போன்ற இடம் கிடைத்தால் அங்கே வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கல் அணை கொடுங்கள். வண்டிக்கு அடியில் படுப்பதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். சரிவில் ஜாக்கி ஏற்றவே வேண்டாம்.

கிளட்ச் மிதியை விரலால் அழுத்துங்கள். கேபிள் அல்லது கம்பி வகையில், எதிர்ப்பு தொடங்கும் முன் ஏறத்தாழ ஓர் அங்குலம் மிதி சும்மா இறங்க வேண்டும். இதைத்தான் பட்டறையில் "பிரீ பிளே" என்பார்கள். அது இல்லையென்றால், மிதியை அழுத்தும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுந்தியே இருக்கும். அதனால் கிளட்ச் பிளேட் வழுக்கும், பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். பிளேட் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கியர் பெட்டியை இறக்கச் சொல்லும் வண்டிகளில் சிலவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு நட்டைத் திருப்பும் வேலை மட்டுமே. ஹைட்ராலிக் கிளட்சில் இந்தக் கணக்கு வேறு என்பதால் கையேட்டின் அளவையே பின்பற்றுங்கள். அதில் ஊற்றவேண்டியது டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் திரவம். எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் வாஷர்கள் உப்பிவிடும். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வீண்செலவு ஆகாது.

அடுத்தது வழுக்கல் சோதனை. கை பிரேக்கை முழுவதும் இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியரில் போட்டு, முன்னால் ஆள் இல்லாததை உறுதி செய்துகொண்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே திணறி நின்றால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. உடனே மிதியை அழுத்திவிடுங்கள், திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள், ஏனெனில் அந்தச் சோதனையே பிளேட்டைச் சுடும்.

சத்தத்தையும் கவனியுங்கள். நியூட்ரலில் மிதியை அழுத்தும்போது மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். அழுத்தினால் சத்தம் அடங்கி, விட்டால் மீண்டும் வந்தால் கியர் பெட்டியின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதியை முழுவதும் அழுத்தியும் ரிவர்ஸ் விழும்போது பல் கடித்தால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள்.

படி 2: பெல் ஹவுசிங்கின் அடித்துளை

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலுள்ள பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அங்கே எண்ணெய்ச் சொட்டு தொங்கினால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி தூக்கலாக இருந்தால் அது கியர் எண்ணெய், கியர் பெட்டியின் முன் சீல் போயிருக்கிறது. கறுப்பாக, நெடியின்றி இருந்தால் எஞ்சினின் பின்பக்கச் சீல். பிரேக் திரவம் என்றால் நீர்போல் மெலிதாக இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் புதுப் பிளேட் போட்டால், புதுப் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வழுக்கும்.

படி 3: எண்ணெய் மாற்றுதல்

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெய் சூடேறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள நிரப்பும் பிளக். வடிகால் பிளக்கை முதலில் திறந்து எண்ணெயையெல்லாம் வடித்துவிட்டு, பிறகு நிரப்பும் பிளக் துருவேறி அசையவில்லை என்றால், வண்டி தோட்டத்திலேயே நின்றுவிடும்.

வடியும் எண்ணெயை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசைபோல் நுண்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் உணரக்கூடிய சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பித்தளை மினுமினுப்பு தெரிந்தால் சிங்க்ரோ தேய்கிறது. மோர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது, மறுபரிசீலனையின்றி முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். புதிய எண்ணெயை நிரப்பும் துளையின் கீழ்விளிம்பில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் போதும். வண்டி சரிந்து நின்றால் இந்த அளவு பொய்யாகிவிடும்.

பழைய ஜீப்புகளில் கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேசுக்கும் நடுவிலுள்ள சீல் தேய்ந்தால், எண்ணெய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். ஒரு பெட்டியில் அளவு குறைந்து பக்கத்துப் பெட்டியில் வழிந்தால், குறைந்ததை மட்டும் நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். இரண்டையும் அளவுக்குக் கொண்டுவந்து, சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

படி 4: மூச்சுக்குழாய், ரப்பர் உறை, கிராஸ்

கிரவுன், பினியன் ஹவுசிங்கின் மேல் சிறு மூச்சுத்துளை உண்டு. அது அடைத்தால் உள்ளே சூடான காற்று வெளியேற வழியின்றிச் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். மேலும் சூடான ஹவுசிங் ஓடைநீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாய் ஒன்றை அதில் இணைத்து, பாடியின் உயரமான இடத்தில் முனையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். டிரான்சாக்சில் வண்டிகளில் ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சேறு புகுந்த ஜாயிண்ட் அதிக காலம் நிற்காது. ஜீப்பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் முனைகளிலுள்ள சிலுவை வடிவ மூட்டுகளான யூ.ஜே. கிராஸ்களுக்கு, பழைய கிரீஸ் நான்கு முனையிலும் பிதுங்கி வெளிவரும்வரை கிரீஸ் அடியுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் இரு பக்கமும் பெயிண்ட் கோடு போட்டுக்கொண்டு, அதே நிலையில் திரும்ப மாட்டுங்கள்.

ஓட்டும் முறை பற்றி ஒன்றிரண்டு மட்டும். செங்குத்தான தோட்டப்பாதையில் டிரான்ஸ்ஃபர் கேசின் லோ ரேஞ்சைப் பயன்படுத்துங்கள், அது சக்கர விசையை வண்டியைப் பொறுத்து ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு கூட்டி, கிளட்சை வழுக்கவிட்டுக் கிளம்ப வேண்டிய கட்டாயத்தைக் குறைக்கிறது. தார்ச்சாலைக்கு வந்ததும் நான்கு சக்கர இயக்கத்தை விலக்கிவிடுங்கள். நடு டிஃபரென்ஷியல் இல்லாத ஜீப்பில், வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் பற்களில் முறுக்கம் ஏறி, லீவர் இறுகிக்கொள்ளும். இறுகிவிட்டால் லீவரை உதைக்காமல், சில அடி நேராகப் பின்னால் எடுத்தால் விடுபடும்.

படி 5: பாகம் தேடுதல்

தோட்டத்து ஷெட்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றோடு கியர் பெட்டியின் வகையையும் எழுதுங்கள். கே.எம்.டி.90, பி.ஏ.10, என்.ஜி.டி.530 என்று மகிந்திரா வண்டிகளில் வெவ்வேறு பெட்டிகள் வந்துள்ளன. "மேஜர் ஜீப்புக்குக் கிளட்ச் செட்" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கொடுப்பது அவருடைய ஊகமாகவே இருக்கும்.

கிளட்ச் பிளேட்டுக்கு நான்கு விவரம் தேவை: வெளிவிட்டம், நடுத்துளையின் பல் எண்ணிக்கை, அந்தத் துளையின் விட்டம், ஹப் எந்தப் பக்கம் எவ்வளவு துருத்தியிருக்கிறது என்பது. முதல் மூன்றும் ஒத்து நான்காவது ஒத்துவராமல், ஃபிளைவீல் (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனச் சக்கரம்) போல்ட்டில் ஹப் உரசிய பிளேட்டுகளும் உண்டு. பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுசென்று கவுண்டரிலேயே முதுகோடு முதுகு வைத்து ஒப்பிடுவதே சிறந்தது, ஏனெனில் மாட்டிப் பார்த்த பொருளை எந்தக் கடையும் திரும்ப வாங்காது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பேரிங்கில் மிச்சம் பிடித்தால், கியர் பெட்டியை இறக்கும் கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரிடும்.

பேரிங்கை ஜீப் கடையில்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. பழைய பேரிங்கின் விளிம்பை டீசலில் கழுவினால் எண் தெரியும். 6205 என்றிருந்தால், கடைசி இரு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. என்று கிடைக்கும் (04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்கு செல்லும்). 6305-க்கும் உள்விட்டம் அதே 25 தான், ஆனால் வெளிவிட்டம் 52-க்குப் பதில் 62 ஆகிவிடும், ஆகவே நான்கு இலக்கமும் வேண்டும். பின்னால் வரும் 2 ஆர்.எஸ். (இருபக்க ரப்பர் மூடி), சி 3 (உள் இடைவெளி) போன்ற குறிகளையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆயில் சீலிலும் 35-52-7 என்பதுபோல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் பொறித்திருக்கும். இந்த எண்கள் கையிலிருந்தால் எந்த பேரிங் கடையிலும், தொழிற்சாலைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் கடையிலும் நல்ல கம்பெனிப் பொருள் கிடைக்கும்.

சேலம் வட்டாரத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் வளர்ந்த ஊர்கள் என்பதால், ஃபிளைவீல் முகம் சீவும் லேத், புரொப்பல்லர் ஷாஃப்ட் பட்டறை, கிளட்ச் லைனிங் ரிவெட் அடிப்பவர் எல்லோரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். லைனிங் மாற்றுவது மலிவுதான். ஆனால் ஹப்பின் ஸ்பிரிங்குகள் கையால் ஆட்டினால் கடகடக்கும் பிளேட்டுக்கு லைனிங் அடிப்பது பணத்துக்குக் கேடு என்பது என் கருத்து.

கிரவுனையும் பினியனையும் ஒருபோதும் தனித்தனியாக வாங்காதீர்கள். இரண்டும் ஜோடியாகத் தேய்த்து இணக்கப்பட்டவை, ஜோடி எண் இரண்டிலும் பொறித்திருக்கும். பழைய பொருளாக முழு டிரான்சாக்சிலோ கியர் பெட்டியோ வாங்கச் சென்னைப் புதுப்பேட்டை வரை போவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் வடிகால் பிளக்கைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். எண்ணெயே இல்லாமல் கழுவித் துடைத்து வைத்த பெட்டியை நான் வாங்கமாட்டேன். ஒவ்வொரு கியரிலும் போட்டுக் கையால் சுற்றி, எங்காவது பல் தட்டுகிறதா என்று உணருங்கள். போல்ட் காதுகளில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

படி 6: மாட்டும்போது அருகில் நின்று பார்க்க வேண்டியவை

பழைய கிளட்ச் தூளைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு. ஃபிளைவீல் முகத்தில் நீலத் திட்டுகளோ மயிரிழை விரிசல்களோ தெரிந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். புதுப் பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் என்ற குறி இருக்கும், அதைத் திருப்பிப் போட்டால் கிளட்ச் விடுபடாது. கிளட்ச் ஷாஃப்ட்டின் பல்வரிசையான ஸ்பிளைனில் கிரீஸ் மிக மெல்லிய பூச்சாக இருக்கட்டும், கூடுதலானது சுழற்சியில் சிதறி லைனிங்கில் ஒட்டும். பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய கிளட்ச் ஷாஃப்ட் ஒன்று கையிலிருந்தால் நல்லது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கியர் பெட்டியை ஏற்றும்போது அதன் எடை ஒரு கணம்கூடப் பிளேட்டின் ஹப்பில் தொங்கக் கூடாது. ஹப் வளைந்தால் வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறும்.

வேலை முடிந்ததும் பிரீ பிளேயை மீண்டும் அளந்து நோட்டில் எழுதுங்கள். முதல் 500 கி.மீ. வரை முழுச்சுமை ஏற்றாமல், சரிவில் நிறுத்திக் கிளம்புவதைத் தவிர்த்து ஓட்டுங்கள். லைனிங் படிந்த பிறகு பிரீ பிளே குறைந்திருக்கும். அப்போது ஒருமுறை சரிசெய்து, பெல் ஹவுசிங்கின் துளையையும் பார்த்து, எண்ணெய்க் கசிவு இல்லை என்றால் மூட்டைகளை ஏற்றலாம்.