கத்திக்கும் ஆகருக்கும் நடுவே கொஞ்சம் காற்று

சோயா குட்டையாக நின்ற வருடம் அது. அறுவடை இயந்திரம் போன தடத்தில் குனிந்து பார்த்தால் மணியும் உடைந்த காயுமாகக் கிடந்தது. சதுர அடிக்குச் சுமார் 4 மணி கிடந்தாலே ஏக்கருக்கு ஏறக்குறைய 27 கிலோ போச்சு என்பது கணக்கு. நான் எண்ணியபோது 11.

முதலில் சல்லடையைத்தான் சந்தேகப்பட்டேன். ஓட்டத்தில் வண்டியைச் சட்டென்று நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்து, ஹெட்டர், அதாவது முன்னால் பயிரை வெட்டி இழுக்கும் பகுதி, நின்ற இடத்தில் எண்ணினேன். இழப்பு பெரும்பாலும் அங்கேதான். வெட்டுப்பட்ட குட்டைச் செடி, அதை இயந்திரத்துக்குள் தள்ளும் திருகு உருளையான ஆகருக்குப் போகாமல் கத்தி மேலேயே குவிந்து, அடுத்த வெட்டில் காய் தெறித்துக்கொண்டிருந்தது.

சரி என்று காற்று ஊதும் அமைப்பைப் பொருத்தினேன். ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் விசிறி, ஹெட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய குழாய், அதிலிருந்து ரீலுக்கு (பயிரைக் கத்திப் பக்கம் சாய்க்கும், பல் வைத்த சுழலும் சட்டம்) முன்னால் இறங்கும் சின்னக் குழாய்கள். மாட்டுவது பெரிய வேலையில்லை, சரிப்படுத்துவதுதான் படுத்தியெடுத்தது. முதல் நாள் விசிறியை முழு வேகத்தில் விட்டேன். காய் ஹெட்டரையே தாண்டிப் பறந்தது. போதாக்குறைக்கு ரீல் பல் இரண்டு குழாயை வளைத்துவிட்டது. ரீலைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருக்கலாம், அவசரம்.

அப்புறம் ரீலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, குழாய் வாயைக் கத்திக்கு நேராகத் திருப்பினேன். கத்தியை நிறுத்திவைத்து, அதன் பின்னால் தட்டில் ஒரு துணி நாடாவை ஒட்டினேன். அது படபடக்காமல் ஆகர் பக்கம் படுத்து ஆடும்வரை விசிறி வேகத்தைக் குறைத்தேன்.

மறுபடி எண்ணியபோது 4. பயிர் நன்றாக உயர்ந்து நிற்கும் வயலில் விசிறியை அணைத்துவிடுகிறேன். எஞ்சின் சக்தியை வீணாகத் தின்னும்.