மலைக் குளிரில் நோன்பு வைப்பவர்களுக்கு

ஊட்டி, குன்னூர் பக்கம் நோன்பு வைத்தால் தாகம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் குளிரிலும் மூச்சு, சிறுநீர் வழியாக உடல் நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். அதனால் இஃப்தார் (மாலையில் நோன்பு திறப்பது) முதல் சஹர் (விடியலுக்கு முன் சாப்பிடுவது) வரை, தாகம் எடுக்காவிட்டாலும் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நோன்புக் கஞ்சி அருமையான உணவு. சமோசா, பஜ்ஜியெல்லாம் அப்புறம்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரை, இன்சுலினை எப்படி மாற்றுவது என்று கேட்டுவிடுங்கள். விரலில் குத்திப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிடுங்கள், பிறகு வேறொரு நாளில் அதை வைத்து களா செய்துகொள்ளலாம். நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு அரை மணி நேரம்தானே என்று தயவுசெய்து பொறுத்திருக்க வேண்டாம்.