மலை இறக்கத்தில் பிரேக் கைவிடாமல் இருக்க

பிரான்ஸின் ஆல்ப் துவேஸில், 3,330 மீட்டர் உயர பிக் பிளாங்க்கிலிருந்து அடிவாரத்து அல்மோன் ஊர்வரை மவுண்டன் பைக்கில் வந்தால் சுமார் 2,600 மீட்டர் இறக்கம். இதில் கால் சோர்வதற்கு முன்பே பிரேக் சோர்ந்துவிடும்.

பயத்தில் லீவரை லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் காரணம். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. வளைவுக்கு முன், நேரான பகுதியில் இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். லீவருக்கு ஒரு விரல் போதும்.

லீவர் பஞ்சுபோல அமுங்கி ஹேண்டில்பாரைத் தொடுகிறதா? உள்ளே பிரேக் திரவம் கொதித்துக் குமிழி கட்டியிருக்கிறது. நிறுத்தி, பத்து நிமிடமாவது ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்! லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் மேற்பரப்பு வழவழப்பாகிவிட்டது என்று பொருள். ஆறிய பின் பேடைக் கழற்றி உப்புத்தாளில் தேயுங்கள்.

முன்சக்கரத்துக்கு 200 மி.மீ. டிஸ்க், சின்டர்டு பேட் (உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்தது) நல்லது. சத்தம் போடும், ஆனால் சூடு தாங்கும். பேடில் 1 மி.மீ.க்கும் குறைவாக மிச்சமிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். பிரேக் திரவத்தில் ஒரு வகையான டாட் (DOT) திரவம் ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். இன்னொரு வகையான மினரல் ஆயிலில் இயங்கும் பிரேக்கில் டாட் திரவத்தை ஊற்றினால் சீல் கெட்டுவிடும்.

நண்பரின் பேட் உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். ஆளுக்கொரு மாற்று ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.