சோக்கை நிறுத்தினால் அணைந்துபோன ஸ்னோமொபைல்

கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில், சட்பரி பக்கம், என்னிடம் பனிமேல் ஓடும் வண்டியான ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் இருக்கிறது. இரண்டு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்ப இரண்டு கார்புரேட்டர். போன ஜனவரியில், காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டால் மட்டும் ஓடியது, நிறுத்தியதும் அணைந்தது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். ஒன்று இளம் பழுப்பு, அது சரி. மற்றது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை.

இதை விட்டுவைக்கக் கூடாது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் கலவையோடுதான் எண்ணெயும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறி ஓட்டையே விழலாம். மைனஸ் 25 டிகிரியில் காற்று அடர்த்தியாவதால், கலவை இன்னும் மெலிந்துவிடும்.

கார்புரேட்டரைப் பிரித்தால், கோடை முழுக்கக் கிடந்த பெட்ரோல் பிசினாகி பைலட் ஜெட்டை, அதாவது குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் சின்னத் துளையை, அடைத்திருந்தது. கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்த்தேன். கம்பி விட்டுக் குத்தவில்லை. துளை பெரிதானால் அளவே கெட்டுப்போகும். அப்புறம் மற்ற கார்புரேட்டரையும் சுத்தம் செய்தேன். ஸ்டார்ட்டர் கயிற்றின் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது, சோக்கை நிறுத்தியும் சீராக ஓடியது.

நண்பர் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறச் சொல்கிறார். பெட்ரோல் மிச்சம், சத்தமும் புகையும் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் கனம். ஆழப் பனியில் புதைந்த வண்டியைத் தனியாளாக இழுத்தவனுக்கு அந்த எடை வித்தியாசம் பெரிது. ஏப்ரலில் டேங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, கார்புரேட்டர் கிண்ணங்களை வடித்து வைத்தேன்.