தடை உத்தரவைக் கடைசியிலிருந்து படியுங்கள்

2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட தடையால் பாரிஸில் எங்கள் வீட்டு டிவியிலிருந்து ஆர்டி பிரான்ஸ் காணாமல் போனது. "அக்கா, பேச்சுச் சுதந்திரம் எண்டு ஊருக்குப் பாடம் எடுக்கிறவை இதைச் செய்யலாமோ?" என்றான் தம்பி. அந்த ரஷ்ய அரசுச் சானலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் கேள்வி நியாயமானது. அகதி வழக்குக் கடிதங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவள் நான். சரி, உத்தரவையே படித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி 2022/350. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், சில பக்கங்கள்தான்.

முதலில் கடைசியை, அதாவது தடை எப்போது முடியும் என்ற கெடுவைத் தேடுங்கள். இந்தத் தடைக்கு முதல் கெடு 2022 ஜூலை 31. தேதியைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம், முகவுரைக்குப் போங்கள். உக்ரைன் மீதான ஆக்கிரமிப்பு முடியும் வரை, ரஷ்யாவும் அதன் ஊடகங்களும் ஒன்றியத்துக்கு எதிரான பிரசாரத்தை நிறுத்தும் வரை என்று அங்கே இரண்டு 'வரை' இருக்கிறது. போர் முடிந்தால் ஊருக்கே தெரியும். பிரசாரம் நின்றுவிட்டதென்று யார் சொல்வது? தடை போட்ட அதே கவுன்சில்தான், அதாவது உறுப்பு நாட்டு அரசுகளின் அவைதான், சொல்ல வேண்டும். இரண்டாவது 'வரை'யை நான் சிவப்பில் வட்டமிட்டேன். கெடு பிறகு நீண்டுகொண்டே போனது.

அப்புறம் வினைச்சொற்கள். 2எஃப் பிரிவு ஒளிபரப்புவதை மட்டும் தடுக்கவில்லை. அதற்கு வழிசெய்வது, உதவுவது, வேறு எவ்வகையிலும் பங்களிப்பது எல்லாமே தடை. கேபிள், செயற்கைக்கோள், இணையச் சேவை, வீடியோ தளம் எதுவும் தப்பவில்லை. 'வேறு எவ்வகையிலும்' என்று எந்த உத்தரவில் வந்தாலும் இரண்டு முறை படியுங்கள். கூடவே, எதை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஊழியர்கள் ஆய்வு, பேட்டி போன்ற வேலைகளைத் தொடரலாம் என்கிறது முகவுரை.

கையெழுத்து யாருடையது? இங்கே அரசுகளின் கவுன்சில். பிரிட்டனில் ஆர்டியின் உரிமத்தை 2022 மார்ச் 18 அன்று ரத்து செய்தது அரசு அல்ல, ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். என்னைக் கேட்டால் அந்த வழி மேல். அதுவும் சும்மா முடிவதில்லை: 2021 பிப்ரவரியில் சீன அரசுச் சானல் சிஜிடிஎன்னின் உரிமத்தை ஆஃப்காம் பறித்தது, ஒரு வாரத்தில் சீனா பிபிசி வேர்ல்டு நியூஸை நிறுத்தியது. எதிர்த்தடை வந்ததா என்றும் தேடிப் பாருங்கள்.

கடைசியாகத் தீர்ப்பு. ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனத்தில் 11ஆம் பிரிவு கருத்துரிமையைத் தருகிறது. 52ஆம் பிரிவு அதை எப்போது, எவ்வளவு கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆர்டி பிரான்ஸ் தொடுத்த வழக்கை ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2022 ஜூலை 27 அன்று தள்ளுபடி செய்தது. தோற்றவரின் வாதத்தை முதலில் படியுங்கள். பிறகு 'இதைவிடச் சின்ன நடவடிக்கை போதாதா?' என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லும் பத்தியைத் தேடுங்கள். திரையில் ஓர் எச்சரிக்கைப் பட்டை ஓடவிட்டால் போதாதா என்பதும் அங்கே வருகிறது. அதே பலன் கிடைக்காது என்று நீதிமன்றம் சுருக்கமாக முடித்துவிட்டது.

எனக்கு அந்தச் சுருக்கம் போதவில்லை. தம்பியோ இப்போது கட்சி மாறிவிட்டான்: "பட்டையை ஆர் அக்கா வாசிக்கினம்?"