ஐஸ் புயலுக்குப் பிறகு யார் எதைச் சுத்தம் செய்வது? ஆஸ்டின் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

ஆஸ்டின், சீடர் பார்க், லியாண்டர், ரவுண்ட் ராக் பக்கம் குடியேறும் நம் ஆட்களிடம் டெக்சஸ் வெயிலைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். குளிரைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 2021 பிப்ரவரியில் வந்த யூரி புயலில் மாநிலம் முழுக்க 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருட்டில் கிடந்தன. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2023 ஜனவரிக் கடைசியில் தொடங்கி பிப்ரவரி 2 வரை பெய்த உறைமழை ஆஸ்டின் வட்டார மரங்களை முறித்துப் போட்டது. யூரியில் அதிகம் உடைந்தவை தண்ணீர்க் குழாய்கள், 2023இல் மரக்கிளைகள். இந்த ஊரின் லைவ் ஓக் மரம் குளிர்காலத்திலும் இலையை உதிர்க்காது. ஒவ்வொரு இலையிலும் ஐஸ் படிந்து, கனம் தாங்காமல் தொடை பருமனுள்ள கிளைகளெல்லாம் இரவு முழுக்கப் பட்டாசு மாதிரி சத்தத்துடன் முறிந்து விழுந்தன.

விடிந்ததும் புதிதாக வீடு வாங்கிய எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மாதாமாதம் எச்.ஓ.ஏ.வுக்குப் பணம் கட்டுகிறோமே, அவர்கள் வந்து எடுக்க மாட்டார்களா?" எச்.ஓ.ஏ. என்றால் வீட்டு உரிமையாளர் சங்கம், சுருக்கமாக அசோசியேஷன். தனி வீடுகள் உள்ள குடியிருப்பாக இருந்தால், உங்கள் மனைக்குள் விழுந்ததை அவர்கள் எடுக்க மாட்டார்கள். நீங்கள் கட்டும் சந்தா (டியூஸ்) பொது இடங்களுக்கானது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் எது யாருடையது என்று புயலுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தால் பல நாள் அலைச்சலும் நிறையப் பணமும் மிச்சமாகும்.

எது யாருடையது

முன் தோட்டம், பேக்யார்டு, கூரை, டிரைவ்வே எல்லாம் உங்களுடையவை. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் புல் பட்டையையும் அதிலுள்ள மரத்தையும் பராமரிக்கும் பொறுப்பைப் பல குடியிருப்புகளில் வீட்டுக்காரர் தலையிலேயே வைத்திருப்பார்கள். உங்கள் குடியிருப்பின் விதிப் பத்திரத்தில் அது இருக்கும், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுடன் பகிரும் வேலி பெரும்பாலும் இருவர் பொறுப்பு. அவர்களிடம் நேரில் போய்ப் பேசுவதுதான் நல்லது. முதல் பேச்சே கடிதமாகவோ புகாராகவோ இருக்க வேண்டாம்.

நுழைவாயில், பூங்கா, நீச்சல்குளம், நடைபாதைக்கென்று விட்ட பசுமைப் பகுதி, மழைநீர்த் தேக்கக் குளம் ஆகியவை பொதுவாக அசோசியேஷனுடையவை. ஆனால் ஆஸ்டின் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு அமைப்பும் நடுவில் வரும். ஊர் எல்லைக்கு வெளியே கட்டிய குடியிருப்புகள் பலவற்றில் தண்ணீர், சாக்கடை, சில இடங்களில் பூங்காக்களும்கூட முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் கையில் இருக்கின்றன. சுருக்கமாக எம்.யூ.டி. என்பார்கள். வில்லியம்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) பிரஷி கிரீக் இதற்கு நல்ல உதாரணம். உங்கள் சொத்துவரி ரசீதில் எம்.யூ.டி. என்று ஒரு வரி இருந்தால், நடைபாதையில் விழுந்த மரத்துக்கு எச்.ஓ.ஏ.வைக் கூப்பிடுவதற்கு முன் அந்தப் பூங்கா யாருடையது என்று கேட்டுவிடுங்கள். அசோசியேஷன் பதிலே சொல்வதில்லை என்று எங்களிடம் வருத்தப்படும் பலர், உண்மையில் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள்தான்.

பொதுச் சாலை நகராட்சியுடையது, ஊர் எல்லைக்கு வெளியே என்றால் கவுண்டியுடையது. கேட் போட்ட குடியிருப்பு என்றால் கதை வேறு. உள்ளே இருக்கும் சாலைகள் பெரும்பாலும் அசோசியேஷனின் சொந்தச் சொத்து. நகராட்சி லாரி கிளைகளை அள்ள உள்ளே வரும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். அங்கே அசோசியேஷனே ஆள் வைத்து, உங்கள் எல்லார் பணத்திலும் அள்ள வேண்டியிருக்கும்.

மின்கம்பி அறுந்து கிடந்தால் அது எந்த மனையில் கிடந்தாலும் தொடாதீர்கள், குறைந்தது 35 அடி தள்ளி நில்லுங்கள், 911ஐயும் மின் நிறுவனத்தையும் அழையுங்கள். ஆஸ்டினுக்குள் ஆஸ்டின் எனர்ஜி, சீடர் பார்க், லியாண்டர் பக்கம் பெரும்பாலும் பெடர்னாலெஸ் கூட்டுறவு, ரவுண்ட் ராக்கில் ஆன்கர். ஒன்று பலருக்குத் தெரியாது. கம்பத்திலிருந்து மேலே கம்பி வரும் பழைய வீடுகளில், கம்பியைத் தாங்கி வீட்டோடு ஒட்டி நிற்கும் இரும்புக் குழாய் உங்களுடையது. கிளை விழுந்து அது வளைந்திருந்தால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து நீங்கள் சரிசெய்த பிறகுதான் இணைப்புத் தருவார்கள். தெரு முழுக்க விளக்கு வந்து உங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

அசோசியேஷன் அந்த நாட்களில் என்ன செய்கிறது

அசோசியேஷனை நடத்தும் போர்டில் இருப்பவர்கள் உங்களைப் போல வீட்டுக்காரர்கள்தான், சம்பளம் கிடையாது. அவர்கள் வீட்டிலும் குழாய் வெடித்திருக்கும். அன்றாட வேலையை ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனி பார்க்கும். புயல் நின்றதும் அவர்கள் முதலில் கவனிப்பது சாலையை மறித்த மரம், பாதி முறிந்து நடைபாதைக்கு மேல் தொங்கும் கிளை, கரண்ட் இல்லாமல் மூடியபடி நின்றுபோன கேட். குழந்தைகள் விளையாடும் இடத்தை நாடா கட்டி மூடுவார்கள். மூடியிருக்கும்போது பிள்ளைகளை விடாதீர்கள். தொங்கும் கிளை இரண்டு நாள் கழித்து, ஐஸ் உருகிக் காற்று அடிக்கும்போதுகூட விழும்.

அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியாத சேதம் வெளியே வரும். நுழைவாயில் புல்வெளிக்கான தண்ணீர்க் குழாயில், தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் பேக்ஃப்ளோ வால்வு வெடித்திருக்கும், நீச்சல்குளத்தின் பம்பு அறையில் குழாய் பிளந்திருக்கும். உறைந்திருக்கும்வரை எதுவும் தெரியாது, வெயில் வந்ததும் பீய்ச்சி அடிக்கும். பொது இடத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிடாமல் மேனேஜ்மென்ட் கம்பெனியின் அவசர எண்ணை அழையுங்கள். ஒரு இரவு ஓடினால் பில் எல்லார் தலையிலும் விழும்.

இதற்கெல்லாம் பணம் அந்த வருட பட்ஜெட்டிலிருந்து, அல்லது சேமிப்பு நிதியிலிருந்து, அல்லது காப்பீட்டிலிருந்து வரும். மூன்றும் போதாவிட்டால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று வீட்டுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். இந்த இடத்தில் டெக்சஸ் சட்டம் உங்கள் பக்கம் சில பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. புயல் போன்ற அவசரத்தில் போர்டு முன்னறிவிப்பு இல்லாமல் கூடி முடிவெடுக்கலாம், ஆனால் அதை அடுத்த திறந்த கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போடும் முடிவை உறுப்பினர்களுக்கு அறிவித்துக் கூட்டும் திறந்த கூட்டத்தில்தான் எடுக்க முடியும். வழக்கமான போர்டு கூட்டத்துக்கு 144 மணி நேரத்துக்கு முன்பும் சிறப்புக் கூட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பும் அறிவிப்பு வர வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். நம்மவர்கள் நூறு வீடு இருக்கும் குடியிருப்பில்கூடக் கூட்டத்தில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்க முடிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பணம் கட்ட முடியாத நிலை என்றால், 14 வீட்டுக்கு மேல் உள்ள அசோசியேஷன்கள் தவணைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். குறைந்தது 3 மாதத் தவணை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஓக் மரத்தை வெட்டும் முன்

இந்த வழிகாட்டியில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மத்திய டெக்சஸில் ஓக் வில்ட் என்று ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. வெட்டுக்காயத்தின் சாறு வாசனைக்கு வரும் சிறு வண்டுகள் பூஞ்சையைக் கொண்டுவரும். ஒரு லைவ் ஓக்கில் புகுந்துவிட்டால், பக்கத்து மரங்களோடு பின்னிக் கிடக்கும் வேர்கள் வழியாகத் தெரு முழுக்கப் போகும். உங்கள் வீட்டில் ஒரு கிளையை அலட்சியமாக வெட்டினால், ஐம்பது அறுபது வருடம் நின்ற அடுத்த வீட்டு மரமும் அதற்கடுத்ததும் சாகலாம்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் வனத்துறை பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் மரங்களை வெட்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. 2023 புயல் சரியாக அந்தக் காலத்தின் தொடக்கத்தில்தான் வந்தது. ஆபத்தாகத் தொங்கும் கிளையை எப்போதும் வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டிய உடனே, ஆள் மரத்திலிருந்து இறங்குவதற்கு முன்பே, அந்த இடத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டும். சாதாரண ஸ்பிரே பெயிண்ட் போதும். தானாக முறிந்த இடத்துக்கும் அடியுங்கள். மாலையில் வந்து அடிக்கிறேன் என்று சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள். நோயில் செத்த சிவப்பு ஓக் விறகை வாங்கிச் சேர்க்கவும் வேண்டாம்.

முழு மரத்தையே எடுக்க வேண்டுமென்றால் இரண்டு அனுமதி தேவைப்படலாம். ஒன்று அசோசியேஷனின் கட்டடக் குழுவிடமிருந்து. எடுத்த இடத்தில் வேறு மரம் நடச் சொல்லும் குடியிருப்புகளும் உண்டு. இன்னொன்று நகராட்சியிடமிருந்து. ஆஸ்டினில் அடிமரத்தின் விட்டம் 19 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் அது பாதுகாக்கப்பட்ட மரம். ஆபத்தான மரத்தை அவசரமாக எடுக்க நேர்ந்தால், வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துவிட்டு, அன்றே இரு தரப்புக்கும் மெயில் அனுப்புங்கள்.

குவியலும் கடிதமும்

முறிந்த கிளைகளை அள்ளும் நாளை நகராட்சி அறிவிக்கும். 2023இல் அது வாரக்கணக்கில், சில தெருக்களில் அதற்கும் மேல் இழுத்தது. கிளைகளை உங்கள் வீட்டு முன்னால் சாலையோரம் அடுக்குங்கள். நடைபாதை, தண்ணீர் மீட்டர், தீயணைப்புக் குழாய், மெயில்பாக்ஸ், நிறுத்திய கார் எதையும் மறைக்கக் கூடாது, தலைக்கு மேல் கம்பி இருக்கக் கூடாது. லாரியின் இரும்புக் கை அதையெல்லாம் பார்த்துக்கொண்டு அள்ளாது. பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். உடைந்த வேலிப் பலகையைக் கிளைகளோடு கலக்காதீர்கள், கிளைகள் தழைக்கூளமாக அரைபடப் போகின்றன. பொதுப் பூங்காவில் கொண்டுபோய்க் கொட்டினால் அதை அள்ளும் செலவு உங்களுக்கே வரும்.

புயலுக்குப் பின் பெரும்பாலான போர்டுகள் குவியல், சாய்ந்த வேலி போன்றவற்றுக்குக் கொஞ்ச காலம் விலக்குத் தரும். அது தானாக வருவதில்லை, எழுத்தில் வந்ததா என்று பாருங்கள். விதிமீறல் கடிதம் வந்துவிட்டால் பயப்படவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். அபராதம் போடும் முன் என்ன மீறல், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கடிதம் சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் போர்டு முன் விசாரணை கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. "வேலி ஆள் இந்தத் தேதிக்கு வருகிறார், இதோ அவர் தந்த மதிப்பீடு" என்று ஒரு பத்தி பதில், இரண்டு போட்டோ. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

கதவைத் தட்டும் ஆட்கள்

புயல் முடிந்த மறுநாளே லாரியோடு வருவார்கள். டெக்சஸில் கூரை போடுபவருக்கும் மரம் வெட்டுபவருக்கும் மாநில லைசென்ஸ் என்று எதுவும் கிடையாது. பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் உண்டு, கேட்டுப் பாருங்கள். மரம் ஏறுபவரிடம் காப்பீட்டுச் சான்று கேளுங்கள். இல்லாமல் அவர் உங்கள் மரத்திலிருந்து விழுந்தால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரலாம். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். "டிடக்டிபிளை (காப்பீட்டுக் கோரிக்கையில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை) நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் கூரைக்காரரை உடனே அனுப்பிவிடுங்கள். 2019 முதல் டெக்சஸில் அது சட்டவிரோதம்.

காப்பீட்டில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு மரம் உங்கள் கூரையில் விழுந்தால், பொதுவாக உங்கள் காப்பீட்டில்தான் கோர வேண்டும். அந்த மரம் பட்டுப்போனது என்று முன்பே தெரிந்தும் அவர் விட்டிருந்தால்தான் அவர் பொறுப்பு என்று வாதிட முடியும். எதன் மேலும் விழாமல் புல்லில் கிடக்கும் மரத்தை அகற்றும் செலவைப் பல பாலிசிகள் தருவதில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் கவலை இரட்டிப்பு. ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டாதீர்கள், வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கராஜில் கார் ஓட விட்டும் அடுப்புக்கரி பற்றவைத்தும் யூரியில் உயிர்கள் போயின. நிரந்தரமாகப் பொருத்தும் ஜெனரேட்டரை டெக்சஸில் எச்.ஓ.ஏ. ஒரேயடியாகத் தடுக்க முடியாது, எங்கே வைப்பது என்று விதி போடலாம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார் என்று தெரிந்துகொண்டு, அவர் வாசல் வழியையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். அசோசியேஷன் தன்னார்வ நாள் அறிவித்தால் குடும்பத்தோடு போங்கள். கையுறையும் கைவாளும் போதும். இதுவரை பிடித்ததில்லை என்றால் செயின்சாவை அன்று பழக வேண்டாம்.

வீட்டுச் சாவி வாங்கிய வாரமே செய்ய வேண்டியவை: அசோசியேஷன் தளத்தில் உங்கள் பெயரும் மெயிலும் பதிவாகியிருக்கிறதா, அல்லது பழைய உரிமையாளருக்கே எல்லா அறிவிப்பும் போகிறதா என்று பாருங்கள். மேனேஜ்மென்ட் கம்பெனி யார் என்று தெரியாவிட்டால் டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் எச்.ஓ.ஏ. தளத்தில் குடியிருப்பின் பெயரைப் போட்டால் கிடைக்கும். 2024 முதல் அபராதக் கொள்கையை அசோசியேஷன்கள் எழுத்தில் வைத்திருக்க வேண்டும், அதையும் படித்துவிடுங்கள். சாலையோர மீட்டர் பெட்டியைத் திறந்து தண்ணீர் மெயின் வால்வு எங்கே இருக்கிறது, மூட எந்தச் சாவி வேண்டும் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் காட்டிவையுங்கள்.